பிளக் பாயின்ட் எட்டாத இடத்தில் கார் பேட்டரி இறங்கிவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. சார்ஜரை மாட்டிவிட்டு மறுநாள் வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். தெருவோரத்திலும் அடித்தள பார்க்கிங்கிலும் ரயில் நிலைய வாசலிலும் நிற்கும் காருக்கு அந்த வசதி கிடையாது. கீழே உள்ள பதில்கள் அப்படி நிற்கும் கார்களுக்கானவை. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி உள்ள பெட்ரோல், டீசல் கார்களை வைத்துத்தான் பேசுகிறோம். ஹைபிரிட், மின்சாரக் கார்களுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரிதான் காரணம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் "டக டக டக" என்று வேகமாகச் சத்தம் வந்து, டாஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து துடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட்டர் ரிலே இழுக்கிறது, வோல்டேஜ் விழுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தச் சத்தம். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு, விளக்குகள் பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் சந்தேகம் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் போக வேண்டும். சுத்தமாக எதுவுமே எரியவில்லை என்றால் பேட்டரி முழுக்கக் காலி, இல்லையென்றால் டெர்மினல் கழன்றிருக்கிறது. போனட்டைத் திறந்து இரண்டு கிளாம்ப்களையும் கையால் திருகிப் பாருங்கள். கையால் அசைந்தாலே அது லூஸ். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் கோளாறு எரிபொருளிலோ இக்னிஷனிலோ இருக்கிறது. அதற்கு ஜம்ப் ஸ்டார்ட், அதாவது வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்வது, உதவாது.

மல்டிமீட்டர் இருக்கிறது. எவ்வளவு காட்ட வேண்டும்?

சில மணி நேரமாவது ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஏஜிஎம் வகை பேட்டரியில் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் ஊறவைத்த லெட் ஆசிட் பேட்டரி) இந்த எண்கள் சற்று கூடுதலாக இருக்கும். முழு சார்ஜில் 12.8-க்கு மேல் காட்டும்.

எஞ்சினை இப்போதுதான் அணைத்தீர்கள் என்றால் மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பேட்டரிக்குள் உள்ள தகட்டின் மேல்பரப்பில் மட்டும் ஏறிய சார்ஜ் எண்ணை உயர்த்திக் காட்டும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடங்கள் கழித்துப் பாருங்கள்.

வண்டி சும்மாதானே நின்றது? மின்சாரம் எங்கே போனது?

பூட்டிவிட்டுப் போன பிறகும் கார் முழுமையாகத் தூங்குவதில்லை. அலாரம், ரிமோட் சாவிக்குக் காது கொடுக்கும் ரிசீவர், கடிகாரம், கம்ப்யூட்டர்களின் நினைவகம் எல்லாமே துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருக்கும். நல்ல நிலையில் உள்ள காரில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருக்கும். 40 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்-அவர். பேட்டரியின் மேல் 45 ஏஹெச் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கணக்கில்தான் இதுவும். மூன்று வாரத்தில் பாதி போய்விடும். புது பேட்டரி அப்போதும் இழுத்துவிடும். நான்கு வருடம் ஓடிய பேட்டரியின் உண்மையான கொள்ளளவு 45 ஏஹெச் இருக்காது என்பதால், அது இரண்டாவது வாரத்திலேயே கைவிரிக்கலாம்.

இது வழக்கமான கசிவு. வழக்கத்துக்கு மாறானது ஒன்று சேர்ந்தால் கணக்கே மாறிவிடும். டிக்கியிலோ கிளவ் பாக்ஸிலோ அணையாமல் எரியும் 5 வாட் பல்பு நாளொன்றுக்கு 10 ஏஹெச் தின்னும். ஹெட்லைட்டை மறந்துவிட்டுப் போனால் நான்கைந்து மணி நேரத்தில் பேட்டரி காலி. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, ஆம்ப்ளிஃபையர் ஆகியவை இரண்டுக்கும் நடுவில் வரும். எங்கள் அனுபவத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவைதான்.

ரிமோட் வேலை செய்யவில்லை, கதவே திறக்கவில்லை. உள்ளே எப்படிப் போவது?

ரிமோட்டுக்குள்ளேயே ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள சிறு தாழ்ப்பாளைத் தள்ளினால் வெளியே வரும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில் சாவித் துவாரம் தெரியவில்லை என்றால் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கலாம்; அந்தச் சாவியின் நுனியாலேயே மூடியை நெம்பி எடுக்கலாம்.

பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில் இன்னொரு சிக்கல்: டிக்கி திறப்பதும் மின்சாரத்தில்தான். அதற்காகவே போனட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஜம்ப் பாயின்ட் ஒன்று வைத்திருப்பார்கள். போனட்டைக் கம்பி இழுத்துத் திறப்பதால் அங்கே போய்விடலாம்.

ஜம்ப் ஸ்டார்ட்: எந்த கிளிப்பை எங்கே, எந்த வரிசையில்?

உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட். அவற்றிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் நியூட்ரலிலோ பார்க்கிலோ இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, எல்லா விளக்குகளையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள்.

1. சிவப்பு கிளிப்: இறங்கிய பேட்டரியின் பிளஸ்.
2. சிவப்பின் மறுமுனை: நல்ல பேட்டரியின் பிளஸ்.
3. கறுப்பு கிளிப்: நல்ல பேட்டரியின் மைனஸ்.
4. கறுப்பின் மறுமுனை: இறங்கிய காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதி, அல்லது அதற்கென்றே உள்ள எர்த் போல்ட்.

நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பலர் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கிய பேட்டரிக்குள் கொஞ்சம் ஏறினால், ஸ்டார்ட்டருக்கான மொத்தச் சுமையும் கேபிள் மேல் விழாது. பிறகு முயற்சி செய்யுங்கள். ஒரு முறைக்கு ஐந்து விநாடிக்கு மேல் சுழற்ற வேண்டாம்.

வண்டி எடுத்ததும் கேபிளைப் பிடுங்க ஓடாதீர்கள். பின் கண்ணாடி ஹீட்டரையும் புளோயரையும் முதலில் போடுங்கள். கேபிள் விலகும் நொடியில் எகிறும் வோல்டேஜை அவை வாங்கிக்கொள்ளும். பிறகு மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில், 4-லிருந்து 1 வரை, கழற்றுங்கள்.

கடைசி கறுப்பு கிளிப்பை பேட்டரியிலேயே மாட்டினால் என்ன?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகும் ஒரு நாளில் முகத்தில் அமிலம் தெறிக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். சுற்று முழுமையடையும் கடைசித் தொடுகையில் பொறி பறக்கும். அந்தப் பொறி பேட்டரியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. பல புதிய கார்களில் மைனஸ் டெர்மினல் மேலேயே பேட்டரி சென்சார் ஒன்று உட்கார்ந்திருக்கும். எர்த்தில் மாட்டினால்தான் உள்ளே ஏறும் மின்சாரம் அதன் கணக்கில் வரும்.

பெட்டி உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், உள்ளே உறைந்திருந்தால் ஜம்ப் செய்யவே கூடாது. குளிர் நாடுகளில் இறங்கிய பேட்டரி எளிதில் உறையும், ஏனென்றால் சார்ஜ் போன பிறகு உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர்தான்.

பிளஸ், மைனஸ் மாறிவிட்டால்?

மெயின் ஃபியூஸ் போகும்; அதிர்ஷ்டம் இல்லையென்றால் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) டயோடுகளும் கம்ப்யூட்டர்களும் சேர்ந்து போகும். வயரின் நிறத்தை நம்பாமல் பேட்டரி பெட்டியில் பொறித்த + குறியைப் பாருங்கள். அழுக்கில் குறி தெரியவில்லை என்றால், இரண்டு முனைகளில் சற்றுத் தடிமனானது பிளஸ்.

கேபிள் எல்லாம் சரியாக மாட்டியும் "டக டக" மட்டுமே. ஏன்?

பத்தில் ஏழெட்டு முறை கேபிள்தான் காரணம். விலை மலிவான கேபிளில் ரப்பர் தடிமனாகவும் உள்ளே செம்பு நூல் போலவும் இருக்கும். கணக்கு இதோ: 3 மீட்டர் நீள ஜோடியில் மின்சாரம் போக 3, வர 3 என்று 6 மீட்டர் பயணம் செய்கிறது. செம்பின் குறுக்களவு 16 சதுர மி.மீ. என்றால் 150 ஆம்பியரில் கேபிளிலேயே சுமார் 1 வோல்ட் தொலையும். 6 சதுர மி.மீ. என்றால் 2.6 வோல்ட் போய்விடும், மிச்சத்தில் ஸ்டார்ட்டர் என்ன செய்யும்? சிறிய பெட்ரோல் எஞ்சினுக்கு 16, டீசலுக்கும் பெரிய எஞ்சினுக்கும் 25 சதுர மி.மீ. செம்பு கேபிள் வாங்குங்கள். அட்டையில் "1000 ஆம்பியர்" என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேபிள் நல்லதுதான் என்றால் கிளிப் கடிக்கும் இடத்தைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதன் மேல் கிளிப் உட்கார்ந்து பயனில்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழுவிக்கொண்டு போகும். கைவசம் எதுவும் இல்லையென்றால் கிளிப்பை இரண்டு மூன்று முறை இப்படியும் அப்படியும் திருகி உலோகத்தைக் கடிக்கவிடுங்கள். எர்த் கொடுத்த இடத்தில் துருவோ பெயின்ட்டோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உதவிக்கு வேறு கார் இல்லை. கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் போதுமா?

போதும். பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு கேபிளைவிட இதையே சொல்வோம், ஏனென்றால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மாட்டும் விதம் எளிது: சிவப்பு பிளஸ்ஸில், கறுப்பு எர்த்தில் அல்லது கருவியின் கையேடு சொல்லும் இடத்தில். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நிமிடமாவது விடுங்கள். எடுத்ததும் உடனே கழற்றுங்கள்.

பேட்டரி அடியோடு காலியாகி ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு வந்திருந்தால், கருவிக்குத் தான் ஒரு பேட்டரியில் மாட்டப்பட்டிருப்பதே தெரியாது. மின்சாரம் தர மறுக்கும். அதற்கு "பூஸ்ட்" பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் முனை மாறிய தவறைத் தடுக்கும் பாதுகாப்பும் அணைந்துவிடும் என்பதால், அழுத்துமுன் பிளஸ், மைனஸை இன்னொரு முறை பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதையும் சார்ஜ் செய்ய வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் செல்லுக்கு அந்தச் சூடு ஆகாது. வீட்டில் வைத்துக்கொள்வதே நல்லது. இறங்கிய கார் எப்படியும் வீட்டை விட்டுத் தூரம் போய்விடாது!

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

மேனுவல் கியர் என்றால் முயலலாம். இக்னிஷனை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, தள்ளச் சொல்லுங்கள். வேகமாக ஓடும் ஆளின் வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எஞ்சின் பிடித்ததும் மறுபடி மிதியுங்கள். முதல் கியரில் சக்கரம் வெட்டென்று பூட்டிக்கொள்ளும், அதனால்தான் இரண்டாவது. எஞ்சின் ஓடும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல் போல இருக்கும் என்பதால் இறக்கத்தில் கவனம் தேவை.

டாஷ்போர்டு விளக்குகூட எரியாத அளவு காலியான பேட்டரியில் இது பலிக்காது. ஃபியூயல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் தள்ளவே வேண்டாம், சக்கரத்தின் சுழற்சி எஞ்சினுக்குப் போய்ச் சேராது.

அடித்தள பார்க்கிங்கில் மூக்கு சுவரைப் பார்த்து நிற்கிறது. இன்னொரு கார் பக்கத்தில் வர முடியாது.

வெளியே தள்ளலாம் என்றால் மூன்று தடைகள். ஸ்டியரிங் லாக்கை எடுக்க சாவி போட்டுத் திருப்பும் கார் என்றால் எளிது. பட்டன் ஸ்டார்ட் என்றால் அதற்கும் மின்சாரம் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் "பார்க்"கிலிருந்து நகராது. கியர் கம்பியின் அருகே சிறு மூடிக்கு அடியில் உள்ள ஷிஃப்ட் லாக் துளையில் சாவியை அழுத்தியபடி நகர்த்தலாம். மூன்றாவது, எலெக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக். மின்சாரம் இல்லாமல் அது பெரும்பாலும் விடுபடாது. எனவே இந்த இடத்தில் ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவியோ, சுமந்து வந்த இன்னொரு 12 வோல்ட் பேட்டரியோதான் வழி. தரையில் வைத்து அதே நான்கு படியில் கேபிளை மாட்டலாம்.

எடுத்த பிறகு அங்கேயே எஞ்சினை ஓடவிட்டு நிற்காதீர்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமே கிடையாது.

வண்டி எடுத்துவிட்டது. அரை மணி நேரம் ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடுமா?

ஏறாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வோம். லெட் ஆசிட் பேட்டரி முதலில் வேகமாக வாங்கும், நிறைய நிறைய மெதுவாக வாங்கும். கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அரை மணி ஓட்டம் அடுத்த முறை செல்ஃப் எடுக்கப் போதுமானதைத் தரலாம், அவ்வளவுதான். வண்டியை மறுபடி அதே இடத்தில் பத்து நாள் நிறுத்தினால் மறுபடி அதே "டக டக".

அதைவிடக் கேடு, பாதி சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியில் தகடுகளின் மேல் சல்ஃபேட் படிகமாக இறுகுகிறது. இறுகியது முழுவதும் திரும்பக் கரைவதில்லை. கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. பேட்டரி "மறுபடி மறுபடி இறங்குது" என்பதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஆகவே எடுத்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், அதன் பின் முடிந்த நாளில் சார்ஜரில் முழுக்க ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது டெர்மினலில் 13.8 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 13-ஐக்கூடத் தொடவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு. எவ்வளவு ஓட்டினாலும் ஏறாது. சில புதிய கார்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்க இதை வேண்டுமென்றே சற்று நேரம் குறைப்பதுண்டு. ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்யலாமா?

தாராளமாக. 10 மி.மீ. ஸ்பேனர் ஒன்று பெரும்பாலான கார்களுக்குப் போதும். அடியில் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு 13 தேவைப்படலாம். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியாக மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கையில் பிளஸ்ஸைக் கழற்றினால், ஸ்பேனர் நழுவி பாடியில் பட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகும்.

45 ஏஹெச் பேட்டரி 11 முதல் 13 கிலோ வரை இருக்கும். சாய்க்காமல் தூக்குங்கள், பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு அமிலம் பருத்தித் துணியில் பட்டால் அன்றைக்குத் தெரியாது, துவைத்த பிறகு ஓட்டை தெரியும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் தரும் சார்ஜர், அதாவது இதற்கு 4 ஆம்பியர், சரியான அளவு. முழுக்கக் காலியிலிருந்து 12, 13 மணி நேரம் எடுக்கும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம்.

கையில் பவர் ஸ்டேஷன் (சாக்கெட் வைத்த, தூக்கிச் செல்லும் பெரிய பேட்டரி பெட்டி) இருக்கிறது. அதை வைத்து?

அதன் 12 வோல்ட் சாக்கெட் பொதுவாக 10 ஆம்பியர் அளவுதான் தரும். செல்ஃபுக்கு நூறுக்கு மேல் வேண்டும் என்பதால் நேரடியாக வண்டி எடுக்காது. ஏசி சாக்கெட்டில் சாதாரண பேட்டரி சார்ஜரை மாட்டுங்கள். 300 வாட்-அவர் பெட்டியில் இழப்பெல்லாம் போக ஏறத்தாழ 15 ஏஹெச் பேட்டரிக்குள் போகும். நாலைந்து மணி நேரம் காத்திருக்க முடிந்தால் அது வண்டி எடுக்கத் தாராளம்.

சோலார் பேனல்?

இறங்கிய பேட்டரியை எழுப்ப அல்ல, இறங்காமல் பார்த்துக்கொள்ள. நல்ல வெயிலில் 10 வாட் பேனல் நாளொன்றுக்கு 2 ஏஹெச் போலத் தரும். மேலே சொன்ன 1 ஏஹெச் கசிவை அது ஈடுகட்டும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அதிலும் கணிசமாகக் குறையும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுவதற்கு முன், இக்னிஷன் அணைந்தபோது அந்த சாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் இருக்காது; பேனல் மாதக்கணக்கில் காற்றுக்கு சார்ஜ் செய்துகொண்டிருக்கும். 10 வாட்டுக்கு மேல் போனால் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா?

வாரத்துக்கு 7 ஏஹெச் கசிகிறது. ஐந்து நிமிட ஐடிலிங்கில் 1 ஏஹெச் திரும்பினாலே பெரிது. எஞ்சினும் சூடாகாமல் ஆயிலில் ஈரம்தான் சேரும்.

அப்படியானால் நீண்ட நாள் நிறுத்தும்போது என்னதான் செய்வது?

மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். செலவில்லாத வழி, இதைவிட நம்பகமானதும் இல்லை. கசிவு நின்றுவிடும்; பேட்டரி தானாக இழப்பது மட்டும் மிஞ்சும், அது மாதத்துக்குச் சில சதவீதம். வெக்கையான இடத்தில் சற்று அதிகம். முழு சார்ஜில் கழற்றினால் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

கழற்றுமுன் சில விஷயங்கள்: பழைய ஸ்டீரியோ என்றால் அதைத் திரும்ப இயக்கக் கேட்கும் ரகசிய எண் கையில் இருக்கட்டும். கடிகாரமும் ஜன்னலின் ஒரு தொடு இறக்கமும் மறந்துபோகும். ஜன்னலை முழுக்க ஏற்றி பட்டனைச் சில விநாடி பிடித்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். அலாரம் வேலை செய்யாது. டிக்கியில் பேட்டரி உள்ள காரில் கழற்றிவிட்டு டிக்கியை மூடிவிடாதீர்கள்.

எந்தக் கருவி மின்சாரம் தின்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா?

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, மைனஸ் கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் இடையில் மாட்டுங்கள். கதவைப் பூட்டி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரமாகும். அதற்குள் ஸ்டார்ட் செய்ய முயன்றால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில் தேடுங்கள்.

ஹைபிரிட், மின்சாரக் காரிலும் இதே கதைதானா?

அவற்றிலும் 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கார் விழிக்காது. கையேட்டில் காட்டிய ஜம்ப் பாயின்ட்டில் சிறிய கருவியை மாட்டினால் போதும். சுழற்ற எஞ்சின் ஸ்டார்ட்டர் இல்லாததால் சில ஆம்பியரிலேயே எழுந்துவிடும். ஆனால் இந்தக் கார்களை இன்னொரு காருக்கு உதவி செய்யப் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சிறு பேட்டரியும் அதற்குப் பின்னால் உள்ள கன்வெர்ட்டரும் வேறொரு ஸ்டார்ட்டரின் இழுவைக்காக அமைத்தவை அல்ல. உயர் வோல்டேஜ் செல்லும் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொட வேண்டாம்.

எப்போது புது பேட்டரி வாங்க வேண்டும்?

முழுக்க சார்ஜ் ஏற்றி ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் 10.5 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. ஒரு செல் 2.1 வோல்ட் என்பதால் அந்தக் கழித்தல் அச்சாகப் பொருந்தும். 12.6 காட்டியும் ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தாலும் மாற்றவேண்டியதுதான். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி (சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, மறுபடி எடுப்பது) உள்ள காரில் ஏஜிஎம் இருந்தால் ஏஜிஎம்மையே போடுங்கள். பேட்டரி சென்சார் உள்ள காராக இருந்தால், பழையது போய் புதியது வந்திருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டரில் பதியவும் செய்யச் சொல்லுங்கள். பதியாவிட்டால் கிழட்டு பேட்டரிக்கு ஏற்றிய அளவிலேயே புதியதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும்.